பூஞ்செடியா, கனிமரமா? கொங்கு நாட்டுச் சமண மரபில் ஒரு தோட்டக் கேள்வி

கோவையிலிருந்து விசயமங்கலத் திருத்தலத்தைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள் இன்று சேலம் – கொச்சி தேசிய நெடுஞ்சாலையிலேயே பயணம் செய்கின்றனர். அவிநாசியைக் கடந்து பெருந்துறையை நோக்கி வண்டி விரையும்போது, சாலையின் நடுத்திட்டு நெடுகிலும் அரளி பூத்து நிற்பதைக் காணலாம். அரளியை அங்கே நட்டதற்குத் தக்க காரணங்கள் உண்டு. அது சிறிதளவு நீரில் உயிர் தரிக்கும். ஆடும் மாடும் அதனைத் தீண்டா. எதிரே வரும் வண்டிகளின் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யாதபடி தடுக்கும் அளவுக்கு வளர்ந்து அவ்வளவில் நிற்கும். ஆயினும் கொங்கு நாட்டுப் பழைய பெருவழிகளை அறிந்த மூத்தோர் நினைவில் நிற்பது வேறொரு காட்சி: இருமருங்கிலும் கிளையோடு கிளை கோத்து நின்ற புளியமரங்கள். சாலைகள் அகன்றன, ஓரத்துக் கனிமரம் போயிற்று, நடுவில் பூஞ்செடி வந்தது.

இந்த மாற்றத்தை இங்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் நம் வளாகத்திலேயே இருக்கிறது. கிணற்றை ஒட்டிக் கிடக்கும் சிறு நிலத்தில் என்ன வைப்பது என்ற பேச்சு ஓராண்டாக நடந்துவருகிறது. அருச்சனைக்கு நாள்தோறும் மலர் விலைக்கு வாங்குகிறோம், ஆதலின் பூஞ்செடிகளே வேண்டும் என்பர் ஒரு சாரார். ஞாயிறுதோறும் சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு நிழலும் கனியும் தரும் மரமே வேண்டும் என்பர் மறுசாரார். இரு தரப்பிலும் பெரியோர் இருக்கின்றனர். இரு தரப்பும் சாத்திரத்தையே துணைக்கு அழைக்கின்றன. இக்கேள்வியைக் கொங்கு நாட்டு வரலாற்றின் முன் வைத்தால் என்ன விடை கிடைக்கும் என்று தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் மிகப் பழமையான சான்றுக்குச் செல்வோம். கரூருக்கு அருகில் வேலாயுதம்பாளையத்தை ஒட்டிய ஆறுநாட்டார் மலையில், புகழூர்க் கல்வெட்டுகள் என வழங்கும் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. கி.பி. 2–3ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை என அறிஞர் கருதும் அவற்றில், யாற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த அமணர்க்குச் சேரர் குடியினர் உறையுள் அமைத்துக் கொடுத்த செய்தி காணப்படுகிறது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைப் பெயர்கள் அங்கே நிரலாக வருகின்றன. அரசகுடியினர் கொடுத்தது கல்லில் வெட்டிய படுக்கை. பூந்தோட்டத்தைப் பற்றியும் பழத்தோப்பைப் பற்றியும் அக்கல்லில் ஒரு சொல்லும் இல்லை. இதில் வியப்பதற்கு ஏதும் இல்லை. முனிவர் மலரையும் பறியார், கனியையும் பறியார். அவர்க்கு வேண்டியது வெயிலும் மழையும் படாத ஓரிடமே.

கனி நம் வரலாற்றில் புகுவது தகடூரிலிருந்து. இன்றைய தருமபுரியாகிய தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, அரிதில் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்ததைப் புறநானூறு போற்றுகிறது. இது பள்ளிப் பிள்ளையும் அறிந்த கதை. பலர் அறியாதது இதன் மறுபக்கம். தென்பெண்ணையாற்றங்கரையில், திருக்கோவலூர்ப் பகுதியில் உள்ள ஜம்பை என்னும் ஊரில் 1981இல் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. சதியபுதோ என்னும் பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சி ஒரு பாளியை, அதாவது குகை உறையுளை, ஈந்தான் என்பதே அதன் செய்தி. அது சமண முனிவர்க்காக அமைந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. ஒரே குறுநில மன்னன் பெயரால் கனி ஈந்த புகழும் கற்படுக்கை ஈந்த புகழும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. வள்ளல்கள் வரிசையில் மற்றொருவனான பறம்பு நாட்டுப் பாரியோ, கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேரை ஈந்தான். பூவுக்கு ஒருவன், கனிக்கு ஒருவன் என்று பழந்தமிழர் கணக்கு வைத்திருந்தனர் போலும்! கொங்கின் பங்கு கனியாக அமைந்தது என்று நாம் சற்றே பெருமை கொள்ளலாம்.

மலர் நம் வழிபாட்டில் நிலையாக இடம்பெறுவது, குகைப் பள்ளிகளின் காலம் போய் ஜினாலயங்கள் எழுந்த பின்னரே. விசயமங்கலம், சீனாபுரம், திங்களூர் முதலிய ஊர்களில் கொங்குச் சமணம் வேரூன்றிய காலம் அது. திங்களூரில் எழுந்தருளியிருக்கும் ஒன்பதாம் தீர்த்தங்கரர் புஷ்பதந்தரின் திருப்பெயரிலேயே மலர் இருக்கிறது. திருவுருவம் வந்தபின் எட்டுவகைப் பொருள்களால் செய்யும் அருச்சனை வந்தது: நீர், சந்தனம், அட்சதை, மலர், நிவேதனம், தீபம், தூபம், கனி. இவ்வரிசையில் மலர் நான்காவது, கனி எட்டாவது. மலரை இடுவது காமத்தை வெல்வதற்கு; கனியை இடுவது வீடுபேறாகிய பயனை வேண்டி. பூஞ்செடிக் கட்சியாரும் கனிமரக் கட்சியாரும் ஒரே அருச்சனையிலிருந்து வாதம் எடுக்க முடிவது இதனாலேயே.

ஆனால் நாள்தோறும் மலர் வேண்டுமெனில் நாள்தோறும் நீர் வேண்டும். கோவை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உள்ள நாடு. ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவே மழை. தென்மேற்குப் பருவம் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றைத் தந்து போகும். நிலம் நன்கு நனைவது ஐப்பசி, கார்த்திகையில். சித்திரை வெயிலில் ஒரு மல்லிகைப் பந்தலைக் காப்பாற்றக் கிணற்றில் கவலை ஓட்டியாக வேண்டும். இரு எருதுகள் சரிவில் இறங்கி ஏறச் சால் சாலாக நீர் மேலேறிய காலத்தில், ஒரு கூடை மலரின் பின்னால் ஓர் ஆளின் உழைப்பும் ஓர் இணை மாட்டின் உழைப்பும் இருந்தன. அதனால்தான் தமிழகக் கல்வெட்டுகளில் திருநந்தவனப்புறம் என்னும் சொல் வருகிறது. பூந்தோட்டத்தைப் பேணுவதற்கென்றும், அதில் உழைப்பவர் உண்பதற்கென்றும் தனியே விடப்பட்ட நிலம் அது. சமணப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. மரத்தின் கதையோ வேறு. நிலக்கொடைச் சாசனங்களில், மேலே எழுந்த மரமும் கீழே தோண்டிய கிணறும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறும் என்ற கருத்தமைந்த ஒரு தொடர் வரும். அதனோடு மரத்தின் பேச்சு முடிந்துவிடும். பூஞ்செடி எழுத்தில் மிகுதியாக இடம்பெற்றது அதன் சிறப்பால் மட்டும் அன்று. அது ஓயாது செலவு வைத்ததாலும்தான். வரவுசெலவுக் கணக்கு எழுதும் நம் அறங்காவலர்கள் இதனை உடனே உணர்வார்கள்.

இங்கே பூவும் மரமும் ஒன்றாய் அமைந்த அசோகைப் பற்றிக் கூறாமல் மேலே செல்ல இயலாது. தீர்த்தங்கரரின் எட்டுப் பிரதிகாரியங்களில் முதலாவது அசோக மரம். தமிழில் அதற்குப் பிண்டி என்று பெயர். சீனாபுரத்தோடு மரபு தொடர்புபடுத்தும் பவணந்தி முனிவர், சீயகங்கன் வேண்ட இயற்றிய நன்னூலில், எழுத்ததிகாரத்தின் கடவுள் வாழ்த்து பூ நிறைந்த அசோகின் நிழலில் அமர்ந்த இறைவனைத் தொழுதே தொடங்குகிறது. இலக்கணம் கற்ற தமிழ் மாணவர் பலரும், எச்சமயத்தவராயினும், அம்மர நிழலைக் கடந்தே எழுத்தைக் கற்றனர். இன்று நம் வீட்டு வாயில்களில் அசோகு என்று சொல்லி வைக்கப்படுவதோ நெட்டிலிங்கம். ஈட்டிபோல் நிமிர்ந்து, இலை தொங்க நிற்கும் அம்மரத்துக்கும் தீர்த்தங்கரரின் அசோகுக்கும் பெயர்க் குழப்பத்தைத் தவிர வேறு உறவில்லை. மெய்யான அசோகு மலைச்சாரல் ஓடைகளின் ஈரத்தையும் நிழலையும் விரும்புவது. கொத்துக் கொத்தாகச் செம்மஞ்சள் மலர்களைச் சொரிவது. அதன் காய் உண்ணும் கனியன்று. நம் கிணற்றடியின் உவர்நீரிலும் திறந்த வெயிலிலும் அது தழைப்பது கடினம். ஆசையிருந்தும் அதனை நான் பரிந்துரைக்கவில்லை.

கனிமரம் வேண்டுவோர் கேட்டாக வேண்டிய ஒரு தடை உண்டு. ஆல், அரசு, அத்தி, இத்தி, பேயத்தி என்னும் ஐவகைக் கனிகளை இல்லறத்தார் விலக்க வேண்டும் என்பது நம் ஆசாரியர் வகுத்த நெறி. புருஷார்த்த சித்தியுபாயம் இயற்றிய அமிர்தசந்திரர், கள், ஊன், தேன் ஆகிய மூன்றோடு இவ்வைந்தையும் சேர்த்தே விலக்கச் சொல்கிறார். அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்று ஊரார் சொல்லும் பழமொழியின் உண்மையைத் தாவரவியலும் உறுதி செய்கிறது. அத்தி இனத்தின் மலர்கள் காய்போன்ற உறைக்குள்ளேயே மறைந்து மலர்கின்றன. சிறு குளவிகள் உள்ளே புகுந்து மகரந்தம் சேர்த்து, அங்கேயே முட்டையிட்டு இனம் பெருக்குகின்றன. அத்தி பூத்தாற்போல என்கிறோமே, அது பூக்காமல் இல்லை; உள்ளே பூக்கிறது. பூவையும் கனியையும் பிரிக்கவே முடியாத அந்த மரத்தை நம் முன்னோர் உணவிலிருந்து ஒதுக்கினர். ஆனால் நிழலை ஒதுக்கவில்லை. ஆதிநாதர் கேவல ஞானம் எய்தியது ஆலின் கீழ் அன்றோ!

இனி விசயமங்கலத்துக்கு வருவோம். நெட்டைக் கோபுரம் என்று ஊரார் அழைக்கும் அத்தலத்தைப் பெருங்கதை இயற்றிய கொங்குவேளிரோடு இணைத்துப் பேசுவது வழக்கம். அங்கே உள்ள நிசிதிகைக் கல் ஒன்று, கங்க நாட்டு அமைச்சரும் படைத்தலைவருமாகிய சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பையின் நினைவைத் தாங்கி நிற்கிறது. அண்ணன் சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரின் பெருந்திருவுருவைக் கி.பி. 981ஐ ஒட்டி நிறுவியவர்; தங்கையின் நினைவுக்கல் கொங்கு மண்ணில். சாமுண்டராயருக்குக் கோமடர் என்றும் பெயர். அவர் பொருட்டு நேமிசந்திர ஆசாரியர் இயற்றிய நூலே கோமடசாரம்.

அந்நூலின் ஜீவகாண்டத்தில் லேசியைகளை விளக்கும் இடத்தில் ஒரு கனிமரம் வருகிறது. காட்டில் வழி தவறிய அறுவர், கனி நிறைந்த மரம் ஒன்றைக் காண்கின்றனர். ஒருவன் வேரோடு பறிக்க எண்ணுகிறான். அடுத்தவன் அடிமரத்தை வெட்ட எண்ணுகிறான். மூன்றாமவன் பெருங்கிளைகளை, நான்காமவன் சிறு கிளைகளை. ஐந்தாமவன் கனிகளை மட்டும் பறிக்க நினைக்கிறான். ஆறாமவன் கீழே உதிர்ந்து கிடப்பதை எடுத்துண்டால் போதும் என்கிறான். கருமை, நீலம், புறாநிறம், மஞ்சள், தாமரை நிறம், வெண்மை என்று ஆறு உள்ளங்களுக்கு ஆறு வண்ணங்கள். நூல் கனி நிறைந்த மரம் என்றே சொல்லும். ஓவியர்கள் அதனைப் பெரும்பாலும் நாவலாகவே தீட்டிவிட்டனர். தானாக உதிரும் நாவற்கனியை மண் ஊதி உண்டு பழகியவர்க்கு அம்மரத்தைவிடப் பொருத்தமானது வேறு தோன்றியிராது.

இக்கதையை நாம் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறோம். நம் தோட்டக் கேள்விக்கு இதனைப் பொருத்திப் பார்த்ததில்லை. கதையில் மரம் நல்லதா தீயதா என்ற ஆய்வே இல்லை. மரம் ஒன்றே, கைகள்தான் ஆறு. ஹேமசந்திர சூரி தம் யோகசாஸ்திரத்தில் இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களை எண்ணும்போதும், காட்டை வெட்டி விற்பதோடு இலை, பூ, கனி விற்பதையும் ஒரே வகையில்தான் வைக்கிறார். பூ மென்மையானது, ஆதலின் பறிக்கலாம். கனி உயிருள்ள விதை உடையது, ஆதலின் ஆகாது என்பது போன்ற வேறுபாடு அங்கே இல்லை. வடநாட்டுத் திகம்பரருள் ஒரு சாரார் புதுமலர் பறிப்பதையே தவிர்த்து, சந்தனமோ குங்குமப்பூவோ தோய்த்த அரிசியை மலராகக் கொண்டு அருச்சிப்பதும், நம் தமிழ் ஜைனர் மலரே இட்டு அருச்சிப்பதும் ஆகிய இரு வழக்கங்களும் இதே கவலையின் இருவேறு விடைகள்.

அண்மைக் காலத்துக்குச் சுருக்கமாக வருவோம். சைதாப்பேட்டையிலிருந்த வேளாண்மைக் கல்லூரி 1906இல் கோவைக்கு வந்தது, 1971இல் பல்கலைக்கழகமாயிற்று. கோ என்னும் முன்னொட்டோடு அங்கிருந்து வெளிவந்த முல்லை, பிச்சி, பப்பாளி இரகங்கள் இன்று நாடெங்கும் உள்ளன. 1930ஐ ஒட்டிச் சிறுவாணி நீர் நகருக்கு வந்தது. அதற்குப் பாடுபட்ட இரத்தினசபாபதி முதலியார் பெயரால் அமைந்த பகுதியே ஆர்.எஸ்.புரம்; நம் மக்களுள் பலர் வாழ்வதும் அங்கேதான். குழாய்நீர் வரும்வரை கோவை வீடுகளில் முன்முற்றத்துப் பூஞ்செடி வசதி படைத்தோர்க்கே எளிது. பொடக்காலியில் வாழையும் முருங்கையும் கொய்யாவும் குளித்த நீரிலும் பாத்திரம் கழுவிய நீரிலும் தாமே வளர்ந்தன. கொய்யா போர்ச்சுகீசியர் வழியாக அமெரிக்காவிலிருந்து வந்த கனி என்பதைப் பலர் நம்ப மறுப்பர், அவ்வளவு நம்முடையதாகிவிட்டது.

விலைக்கு வாங்கும் மலரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சத்தியமங்கலம் வட்டாரத்து மல்லிகையும் முல்லையும் பெயர் பெற்றவை. விடியுமுன் மொட்டுப் பறிக்கும் பெண்களின் உழைப்பில் நம் சந்நிதி மணக்கிறது. ஆனால் மல்லிகையில் மொட்டுப்புழு தாக்காமலிருக்கத் திரும்பத் திரும்ப மருந்து தெளிக்கிறார்கள். பூவை நம் கையால் பறிக்கவில்லை என்று ஆறுதல் கொள்வோர், அந்தப் புழுக்களின் கணக்கு யாருடையது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சொந்தத் தோட்டம் வேண்டும் என்ற பூஞ்செடிக் கட்சியாரின் வாதத்தில் எனக்கு மிகவும் வலுவாகத் தோன்றுவது இதுவே.

அப்படியானால் எந்தப் பூஞ்செடி? அரளி வேண்டா. அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. பிள்ளைகள் ஓடியாடும் இடத்துக்கு ஆகாது. நந்தியாவட்டை நல்லது, ஆண்டு முழுதும் வெண்மலர் தரும், ஆனால் பறித்தாக வேண்டும். என் மனம் செல்வது பவழமல்லியிடம். புதர்போல் வளர்ந்து சிறுமரமாகும் அது, மாலையில் மலர்ந்து விடியலில் தானே உதிர்ந்துவிடும். தரையில் விழுந்த பூவை இறைவனுக்கு இடலாகாது என்று விதி வைத்த தமிழர், பவழமல்லிக்கு மட்டும் விலக்கு அளித்தனர். நம் பெண்கள் அதனடியில் ஒரு துணியை விரித்துவைத்து, காலையில் எடுத்துக்கொள்ளலாம். கோமடசாரத்து ஆறாம் மனிதன் கனிக்குச் செய்ததை, அவர்கள் மலருக்குச் செய்வார்கள்.

இதில் ஒரு குறையும் உண்டு. பவழமல்லி மழைக்காலத்தை ஒட்டிய சில மாதங்களில்தான் நிறையப் பூக்கும். மற்ற நாட்களில் கடை மலரோ, சந்தனம் தோய்த்த அரிசியோ என்பதை அறங்காவலர்களும் மகளிர் அணியினரும் கூடி முடிவு செய்ய வேண்டும். நான் அரிசியின் பக்கம்.

நிலத்தின் நடுவில் வைக்க நெல்லியைப் பரிந்துரைக்கிறேன். அதியமான் பொருட்டு மட்டும் அன்று. உவர்த்த நிலத்தையும் வறட்சியையும் அது பொறுக்கும். பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் தேர்ந்து வெளியிட்ட பி.எஸ்.ஆர். 1 நம் மண்ணிலேயே பிறந்த இரகம். அதன் சிற்றிலைகள் தரும் நிழல் கனத்ததன்று. ஓரத்தில் நிற்கும் பவழமல்லி அந்நிழலில் வாடாது. தனிமரமாக நின்றால் நெல்லி குறைவாகவே காய்க்கும் என்பதால், வேறு இரகத்தில் ஒரு கன்றை மதிலை ஒட்டி வைக்க வேண்டியிருக்கும். அதற்கு அண்டை வீட்டார் இடம் தர இசைந்துள்ளனர்.

ஆடியில் குழி எடுத்து ஆறவிட்டு, புரட்டாசி கடைசியில் நட்டால் ஐப்பசி மழை கன்றைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டுக்கன்று நான்காம் அல்லது ஐந்தாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். இவ்வாண்டு சமய வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அப்போது பத்தோ பதினொன்றோ வயதாகியிருக்கும்.